ஏறன்பிரைற்ஸ்ரைன் கோட்டையும் சித்தியின் நீலப் பையும்

முதலில் ஒரு சின்ன மன்னிப்பு. இந்தக் கோட்டையைப் பற்றி எத்தனையோ பேர் அழகான படங்களோடு எழுதியிருக்கிறார்கள். என் படங்களில் பாதியில் என்னுடைய விரல் விழுந்திருக்கிறது. இதுவரை இந்தப் பயண இணையத்தளத்தில் மற்றவர்கள் எழுதியதை வாசித்து, அவர்கள் சொன்ன ரயிலில் ஏறி, அவர்கள் சொன்ன இடத்தில் தேநீர் குடித்துவிட்டு, ஒரு நன்றிகூடப் போடாமல் போனவள் நான். வகுப்பிலும் அப்படித்தான். ஜேர்மனியில், கார்ஹிங் என்ற நகரத்தில் முதுகலை படித்த இரண்டு வருடத்தில் நான் கையுயர்த்திக் கேட்ட கேள்விகள் நாலோ ஐந்தோதான் இருக்கும். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தெரியாததைக் கேட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். ஆனாலும் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் போய்வந்த இந்தப் பயணத்தை எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

படிப்பு முடிந்து வேலை தேடும் இந்த மாதங்களில் ஹம் நகரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறேன். சித்தி மன்னாரிலிருந்து வந்து முப்பது வருடம் கடந்துவிட்டது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவருக்கு ஜேர்மன் குடியுரிமைக்கான ரெர்மீன், அதாவது அலுவலகம் நாள் குறித்துக் கொடுத்த சந்திப்பு. எல்லாப் பத்திரங்களின் மூலப் பிரதியையும் கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. இந்த ஒரு காலைக்காகச் சித்தி ஒன்றரை வருடம் காத்திருந்தார். அவருடைய பிறப்புப் பதிவு யுத்தத்தில் அழிந்துபோனது. மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற கோயில் கொடுத்த பழைய சான்றிதழ் ஒன்றுதான் அவர் பிறந்ததற்குச் சாட்சி. அதை எழுதிக்கொடுத்த சுவாமியாரும் இல்லை, பார்த்து எழுதிய பதிவேடும் இல்லை. அந்தத் தாள் தொலைந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கோட்டைக்குப் போகும் எண்ணத்தைக் கிளப்பியது கீழ்வீட்டுக் கலா அக்கா. யாழ்ப்பாணத்து ஆள். ஹம்மில் ஊன்ட்றொப் பகுதியில் இருக்கும் அம்மன் கோயிலில் திருவிழா என்றால் அன்னதானப் பந்தியில் கரண்டியோடு நிற்பவர். எந்தச் செய்தியும் முதலில் அவருக்குத்தான் வரும், பாதி பொய்யாக.

"சீலி அக்கா, குடியுரிமைச் சோதினை பாஸ் பண்ணினது காணாதாம். கந்தோரிலை இருக்கிற மனிசி திடீரெண்டு சரித்திரம் கேப்பாவாம். பிரஷ்யா எண்டா என்ன எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?"

"அது ஒரு இடம்," என்றார் சித்தி.

"இடமோ, ஆளோ?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் படித்தது பொறியியல். "எனக்கும் வடிவாத் தெரியாது சித்தி," என்றேன். அன்றைக்கு இரவே தேடியதில், பிரஷ்ய இராணுவம் கட்டிய கோட்டை ஒன்று கோப்லென்ஸ் நகரத்தில் ரைன் நதிக்கு மேலே இருக்கிறது என்றும், அந்தக் காலத்துச் சீருடை போட்ட வழிகாட்டிகள் சுற்றிக்காட்டுவார்கள் என்றும் தெரிந்தது. திங்கட்கிழமைவரை சித்தியை வீட்டில் சும்மா இருக்கவிட்டால் கடித்துக் கடித்தே இருந்த நகமெல்லாம் போய்விடும். சனிக்கிழமை சித்தப்பாவுக்கு வேலை. பெண்கள் மூவரும் புறப்பட்டோம்.

ஹம்மிலிருந்து கோப்லென்ஸ் ரயிலில் ஏறக்குறைய 210 கிலோமீற்றர். மாதாந்த ஜேர்மனிப் பயணச்சீட்டு (நாங்கள் போனபோது 58 யூரோ) இருந்தால் வேறு செலவில்லை. காலை 7.10க்கு ஏறி 8.50க்குக் கொலோன். அங்கே மாறி 9.20க்கு ஏறினால் 10.35க்கு கோப்லென்ஸ். கொலோனுக்குப் பிறகு இடப்பக்க யன்னலோரம் உட்காருங்கள், ரைன் நதி அந்தப் பக்கம்தான். கோட்டையின் பெயரை உச்சரித்துப் பழக எனக்கு வழியில் வரும் பொன் என்ற நகரம்வரை தேவைப்பட்டது. கலா அக்கா முயற்சியே செய்யவில்லை. "ஏறுற கோட்டை எண்டு சொல்லுவம்," என்று முடித்துவிட்டார்.

புறப்படும்போதே நான் கவனித்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சித்தியின் தோளில் நீலத் துணிப்பை ஒன்று தொங்கியது. உள்ளே அத்தனை பத்திரங்களும் இருந்தன. "சித்தி, இதை ஏன் கொண்டு வாறியள்?" என்று கேட்டேன்.

"ஆளில்லாத வீட்டிலை விட ஏலாது பிள்ளை. வீடு எரிஞ்சா?"

இது சித்திக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல. இங்கே அகதியாக வந்த தலைமுறையில் பலர் அப்படித்தான். கோயிலுக்குப் போனாலும் சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்பு விழாவுக்குப் போனாலும் பத்திரம் ஆளோடு போகும். "சித்தப்பா தனிய இருப்பார், பேப்பர் தனிய இராது," என்றார் கலா அக்கா.

கோப்லென்ஸ் நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம். மோசல் நதி வந்து ரைனோடு சேருகிற முனைக்குப் பக்கத்தில் கேபிள் கார் நிலையம் இருக்கிறது. போக, வர, கோட்டை நுழைவு எல்லாம் சேர்த்து அன்றைக்கு ஒருவருக்கு 19.90 யூரோ. ஏறக்குறைய 900 மீற்றர் ஆற்றுக்கு மேலால் கூண்டு மிதந்து போகிறது. கலா அக்கா கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டார். சித்தி பையைக் கட்டிப்பிடித்தார். நான் மட்டும் பார்த்தேன், மிகவும் அழகு. ஒரு பக்கம் பச்சை நீர், மறுபக்கம் கொஞ்சம் மண்நிற நீர், இரண்டும் உடனே கலக்காமல் சிறிது தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இருந்துவிட்டுப் போனது. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது அதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வழிகாட்டி என்றால் கழுதைகள்தான். அதனால் சீருடைக்காரர் ஒருவர் வாயிலில் நிற்பார் என்று வாசித்திருந்தும் நேரில் கண்டதும் நான் சித்தியின் கையைப் பிடித்தேன். கருநீல மேலங்கி, வெள்ளைக் கால்சட்டை, உயரமான கறுப்புத் தொப்பி, இரண்டு பக்கமும் முறுக்கிய பெரிய மீசை. தோளில் துப்பாக்கி. எங்களுக்கு முன்னால் போன ஜேர்மன் குடும்பத்தைப் பார்த்து, "நில்! பப்பீரே!" என்று உறுமினார். பத்திரங்களைக் காட்டு என்று பொருள். அவர்கள் சிரித்துக்கொண்டு கேபிள் கார்ச் சீட்டை நீட்டினார்கள். அவரும் கண்ணைச் சிமிட்டி உள்ளே விட்டார்.

அடுத்தது சித்தி. சித்தி சிரிக்கவில்லை. காவல்மேசைக்கு முன்னால் போய் நீலப் பையின் சிப்பைத் திறந்தார். முதலில் திங்கட்கிழமைக் கடிதம். பிறகு வதிவிட அட்டை. சோதனை பாஸ் பண்ணிய தாள், மொழிச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, கலியாணப் பதிவு. கடைசியாகப் பிளாஸ்ரிக் உறைக்குள் அந்த ஞானஸ்நானச் சான்றிதழ். "இது மூலம், இது மொழிபெயர்ப்பு," என்று ஜேர்மனில் மெதுவாகச் சொல்லிச் சொல்லி அடுக்கினார். நானும் கலா அக்காவும் சிரிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டோம்.

படைவீரரின் முகம் மீசைக்குப் பின்னால் மாறிப்போனது. அவர் தொப்பியைக் கழற்றினார். கடிதத்தைக் குனிந்து வாசித்துவிட்டு, உறுமல் இல்லாத சாதாரணக் குரலில், "இந்தத் திங்கட்கிழமையா?" என்று கேட்டார். சித்தி தலையாட்டினார். அவர் ஒவ்வொரு தாளையும் எடுத்து, சித்தி வைத்த அதே வரிசையில், மூலை மடியாமல் திரும்ப உறைகளுக்குள் போட்டார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, குதிகால் இரண்டையும் அடித்துச் சல்யூட் வைத்தார். "எல்லாம் சரியாக இருக்கிறது! அம்மையார் உள்ளே போகலாம்!" பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வாயிலைத் தாண்டியதும் சித்தி என்னிடம், "பாத்தியே, கொண்டு வந்தது நல்லதாப் போச்சு," என்றார்.

அந்த வீரர்தான் பன்னிரண்டு மணிச் சுற்றுக்கும் வழிகாட்டி. ஒன்றரை மணி நேரம், ஜேர்மனில் மட்டும். எனக்கு விளங்கியதைத் தமிழில் இருவருக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். கோட்டையைக் கட்ட எத்தனையோ வருடம் எடுத்தார்களாம், கட்டிய பிறகு யாரும் வந்து தாக்கவேயில்லையாம். ("வீட்டைக் கட்டிப்போட்டு வாடைக்குக் குடுக்காத மாதிரி," என்றார் கலா அக்கா.) வீரர்களின் கட்டில், கருத்த ரொட்டி, சப்பாத்துக்கு இடம் வலம் பார்க்காத காலம் எல்லாம் சொன்னார். பிரஷ்யா ஆளல்ல, இடம் என்று தெரிந்ததும் சித்திக்கு முகம் மலர்ந்தது.

தடித்த சுவர் கொண்ட நீள அறை ஒன்றில் அவர் நின்று, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு குண்டுவீச்சில் வீடிழந்தவர்களும் அகதிகளும் இந்தக் கோட்டைக்குள் குடியிருந்தார்கள் என்றார். நான் அதைச் சொன்னதும் சித்தி சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தினை குடும்பத்துக்கு ஒரு குசினி எண்டு கேள் பிள்ளை."

"சித்தி, ஆக்கள் பாக்கினம்."

"கேள் எண்டுறன். அகதி முகாமிலை எங்களுக்கு ஏழு குடும்பத்துக்கு ஒண்டு. பால் காய்ச்சவும் வரிசை."

முப்பது பேருக்கு நடுவில் கையுயர்த்தினேன். வீரர் யோசித்தார். தனக்குத் தெரியாது என்றும், இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை என்றும் சொன்னார். மேலங்கிக்குள்ளிருந்து ஒரு சிறு பென்சிலை எடுத்துத் தன் குறிப்புத்தாளில் எழுதிக்கொண்டார். தெரியாததைக் கேட்டால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கலா அக்கா கட்டிவந்த புளிச்சாதத்தை மேல் மதிலடியில் சாப்பிட்டோம். நிழல் குறைவு, தொப்பி கொண்டுபோங்கள். கோட்டைக்குள் இருக்கும் மூன்று நூதனசாலைகளையும் (அருங்காட்சியகங்கள்) பார்த்து முடிய மூன்றரை மணி. போகும் வழியில் வாயில் பக்கத்துக் காவலறையில் அதே வீரர் நின்றார். கலா அக்கா விடவில்லை. "சீலி அக்கா, இவரோடை நிண்டு ஒரு படம் எடுங்கோ, திங்கட்கிழமை அந்த மனிசிக்குக் காட்டலாம்." வீரர் தன் தொப்பியைக் கழற்றிச் சித்தியின் தலையில் வைத்தார். சித்தி வெட்கப்பட்டுக்கொண்டே பையை என்னிடம் தந்தார். நான் கைபேசியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமென்று பையைச் சித்திக்குப் பின்னால், ஆட்கள் உட்காரும் வாங்கில் வைத்தேன். கலா அக்கா எங்களுக்கு 16.48க்கு ரயில் என்று வீரருக்குச் சொல்லி விடைபெற்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே கேபிள் காருக்கு நடந்தோம். பை வாங்கிலேயே இருந்தது. சித்தி அது என்னிடம் இருக்கிறது என்று நினைத்தார். நான் ஒன்றுமே நினைக்கவில்லை.

கோப்லென்ஸ் நிலைய மேடையில் 16.35க்கு நின்றோம். அப்போது சைக்கிள் ஹெல்மெற் போட்ட ஓர் ஆள் படிக்கட்டில் தாவி ஏறி எங்களை நோக்கி ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். வழுவழுப்பான முகம், வியர்வையில் நனைந்த ரீசேர்ட். மூச்சு வாங்கியபடி, "பப்பீரே! உங்கள் பப்பீரே! என்னோடு வாருங்கள்!" என்றார்.

சித்தி ஓரடி பின்னால் போனார். கலா அக்கா முன்னால் வந்தார்.

"ஆர் இவர்? ரிக்கற் பாக்கிறவரோ?"

"ரிக்கற் பாக்கிறவர் ஏன் பேப்பரைக் கேக்கிறார்? சிவில் உடுப்பிலை வந்து கேட்டா ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது," என்றார் சித்தி. முப்பது வருடத்துப் பாடம் அது. பிறகு நிமிர்ந்து நின்று, நான் கேட்டதிலேயே திருத்தமான ஜேர்மனில் அவரிடம் சொன்னார்: "முதலில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்."

அந்த மனிதர் கால்சட்டைப் பைகளைத் தட்டினார். முன்னால், பின்னால், திரும்பவும் முன்னால். ஒன்றுமில்லை. பணப்பை சீருடைக்குள்ளேயே இருந்துவிட்டது போல. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் ஒரு கணம் யோசித்துத் தோள்பையைத் திறந்து, உள்ளேயிருந்து மயிராலான எதையோ எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, குதிகால் அடித்துச் சல்யூட் வைத்தார்.

"ஐயோ, மீசை!" என்று கத்தினார் கலா அக்கா.

அவர் ஏன் வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைபேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். தொப்பியோடு சித்தி. அவருக்குப் பின்னால் வாங்கில் நீலப் பை.

"என்ரை பிழை சித்தி."

"பிழையெண்டா நாளைக்குப் பேசுறன். இப்ப ஓடு!"

பை கோட்டையில் நுழைவுச்சீட்டு விற்கும் இடத்தில் இருக்கிறது என்றார் அவர். விட்டுப்போன பொருளை வெளியே கொண்டுபோகத் தனக்கு அனுமதியில்லை, அதனால் அங்கே ஒப்படைத்துவிட்டு எங்களைப் பிடிக்கச் சைக்கிளில் வந்தாராம். ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். மறுநாள் ஞாயிறு, கோட்டை திறந்திருக்கும்தான், ஆனால் அதுவரை சித்தி உயிரோடு இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சைக்கிளை நிலையத்தில் பூட்டிவிட்டு அவரும் எங்களோடு ராக்சியில் ஏறினார். மலையைச் சுற்றிப் போகும் பாதை, 24 யூரோ. வழியில் இரண்டு தடவை கோட்டைக்குப் போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. சித்தி செபமாலையை உருட்டத் தொடங்கினார். சாரதி ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவராம். என்ன அவசரம் என்று கேட்டார், பத்திரங்கள் என்றேன். அவர் தன் இருக்கைக்குக் கீழே கையை விட்டு ஒரு தடித்த பச்சைக் கோப்பை உயர்த்திக் காட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டினார்.

நாங்கள் போய் இறங்க 17.25. சீட்டு விற்கும் கருமபீடத்தில் இருந்த பெண் காசுப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அடையாள அட்டை கேட்டார். அது பைக்குள் இருக்கிறது என்றேன். அவர் பையைத் திறந்து அட்டையில் உள்ள படத்தையும் சித்தியையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பையை நீட்டினார். சித்தி அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிளாஸ்ரிக் உறை கைக்கு வந்ததும்தான் அழுதார். நானும் அழுதேன். கலா அக்கா, தான் அழவில்லை, கண்ணாடியைத்தான் துடைப்பதாகச் சொன்னார்.

நாங்கள் தலை நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த வீரர் கையசைத்தார். கீழே போகும் பஸ் வந்துவிட்டது, சைக்கிள் ரயில் நிலையத்தில் நின்றதால் அவர் ஓடி அதில் ஏறினார். நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். சனிக்கிழமை போனால் காலையிலேயே போங்கள். வாயில் காவலும் சீருடைச் சுற்றும் எல்லா நாளும் இருக்காது, முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். விலைகளும் ரயில் நேரங்களும் மாறியிருக்கலாம். கோட்டைக்குள் நடக்க நாலு மணி நேரம் வையுங்கள், கல்பாதை என்பதால் சப்பாத்துப் போடுங்கள், செருப்பு வேண்டாம். உள்ளே தேநீர் 3.20 யூரோ, போத்தலில் கொண்டுபோவது மேல். பத்திரங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். சித்தி பக்கத்திலிருந்து வாசிக்கிறார், எழுதவிடவில்லை. சரி, கொண்டுபோனால் தோளிலிருந்து கழற்றாதீர்கள்.

இனி ஒரு கோரிக்கை. கேட்கக் கூச்சமாக இருந்ததால் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். நாங்கள் மூவரும் அந்த மனிதரின் பெயரைக் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. கோட்டைக்கு மின்னஞ்சல் எழுதலாம் என்று மூன்று தடவை தொடங்கினேன். "மீசை வைத்த வீரர்" என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை, அதுகூட அவருடைய மீசையல்ல. அவர் கடிதத்தை வாசித்தவர், நாளும் நேரமும் தெரிந்தவர். அந்தத் திங்கட்கிழமை எட்டரைக்கு ஒருவேளை எங்களை நினைத்திருப்பார், என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. உங்களில் யாராவது அங்கே போனால், வாயிலில் பத்திரம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள்: அலுவலகத்தில் அந்தப் பெண் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை, சரித்திரம் எதுவும் கேட்கவில்லை, சித்திக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவர் அந்த ஆளாக இல்லாவிட்டால் அந்த ஆளிடம் சொல்லச் சொல்லுங்கள். இவ்வளவையும் ஜேர்மனில் சொல்ல உங்களுக்கும் என்னைப் போல வெட்கமாக இருந்தால், "திங்கட்கிழமை எல்லாம் சரி" என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு விளங்கும்.